ஊர் வேலைக்குப் பணம்: எந்தக் கதவைத் தட்டுவது?

ஊருணி தூர்வார வேண்டும், சந்தைக்குக் கூரை வேண்டும், தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குப் பணம் கேட்டுப் போக ஐந்தாறு வழிகள் உண்டு. சீக்கிரம் கிடைப்பது எது என்று பார்த்துத்தான் பெரும்பாலான ஊர்கள் கிளம்புகின்றன. அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வேலை முடிந்த இரண்டாம் வருடம் மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டப்போவது யார்? எந்தக் கதவு என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

எம்.பி. நிதியா, எம்.எல்.ஏ. நிதியா?

எம்.பி. நிதி ஆண்டுக்கு ₹5 கோடி, எம்.எல்.ஏ. நிதி ₹3 கோடி. பார்வைக்கு முதலாவதுதான் பெரிது. ஆனால் இங்கே ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடக்கம். ஐந்து கோடியை ஆறாகப் பிரித்தால் தொகுதிக்குச் சுமார் ₹83 லட்சம்தான். அதனால் உள்ளூர் வேலைக்கு எம்.எல்.ஏ. நிதியில் கேட்பதே நல்லது.

இரண்டிலும் உறுப்பினர் பரிந்துரைப்பதோடு சரி. அனுமதி கொடுத்துச் செய்ய வைப்பது மாவட்ட நிர்வாகம். பயணியர் நிழற்குடை, அங்கன்வாடிக் கட்டடம், ரேஷன் கடை என ஒரே மூச்சில் கட்டி முடிக்கிற வேலைகளுக்கு இவை பொருந்தும். சம்பளத்துக்கோ பராமரிப்புக்கோ பணம் வராது. காரியம் கெடுவது பெரும்பாலும் நிலத்தில்தான். பரிந்துரைக் கடிதம் வந்த பிறகுதான் இடம் யாரோ ஒருவர் பட்டாவில் இருப்பதோ, கோயில் நிலம் என்பதோ தெரியவரும். மனுவோடு சர்வே எண், அந்த இடத்தின் ‘அ’ பதிவேட்டு நகல் (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு), உள்ளாட்சித் தீர்மானம், பராமரிப்பை உள்ளாட்சியே ஏற்கும் என்ற கடிதம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். பாதி இந்த வருடம், மீதி அடுத்த வருடம் என்று வேலையைப் பிரித்துத் திட்டமிடவும் வேண்டாம். கொரோனாவின்போது 2020 ஏப்ரலில் எம்.பி. நிதியை நிறுத்தினார்கள், மீண்டும் வந்தது 2021 நவம்பரில்தான்.

நமக்கு நாமே

1997-98இல் தொடங்கி, 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயருக்கே திரும்பிய திட்டம். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். ஊருணி, குளம், பள்ளிச் சுற்றுச்சுவர் போன்ற வேலைகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

₹12 லட்சம் மதிப்பீட்டில் ஓர் ஊருணி என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பங்கு ₹4 லட்சம். அதையே ₹6 லட்சமாக, அதாவது பாதியாக உயர்த்தினால், பங்களித்தவர்களே வேலையைச் செய்ய வாய்ப்பு உண்டு. கூடுதலாகப் போடும் அந்த ₹2 லட்சம் வீண்போவதில்லை. மண்ணை எவ்வளவு ஆழம் எடுப்பது, கரையில் எங்கே கொட்டுவது என்பதெல்லாம் ஊரின் கைக்கு வந்துவிடும். ஆனாலும் மதிப்பீடு பொறியாளர் போட்டதுதான், எம்-புக்கில் (வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) ஏறிய அளவுக்குத்தான் பணம். தூர்வாரும் முன் எடுத்த மட்ட அளவு பதிவாகவில்லை என்றால் எத்தனை கன மீட்டர் எடுத்தோம் என்பதை எப்படி நிரூபிப்பது? மழைத் தண்ணீர் தேங்கிய பிறகு அளக்கவும் வழியில்லை.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காசுள்ள ஊருக்கு இந்தத் திட்டம் வேகமாக வந்து சேரும். கூலிக்காரர்கள் நிறைந்த ஊர் பங்குத் தொகை திரட்டவே திணறும். அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் தொகுதி நிதியை முதலில் ஒதுக்க வேண்டும்.

நிதிக்குழு மானியம்

மனு போட்டு வாங்குகிற பணமல்ல, உரிமையாக வருவது. 15ஆவது மத்திய நிதிக்குழு (2021-26) ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவிடலாம், சம்பளத்துக்கு மட்டும் கூடாது என்பது அப்போதைய விதி. கரண்ட் பில் பயத்துக்கு ஓரளவு மருந்து இதில்தான் இருக்கிறது. நிபந்தனைகளைத் தவறவிட்டால் பணம் நின்றுவிடும். 2021-26இல் இருந்தவை இவை: கணக்கை இணையத்தில் ஏற்ற வேண்டும், நகரங்கள் சொத்துவரி வசூலைக் கூட்டிக் காட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். 2016க்குப் பிறகு தேர்தல் நடக்காமல் போனபோது இங்குள்ள ஊராட்சிகளின் மத்திய மானியம் முடங்கியது.

கடனும் பத்திரமும்

பாதாளச் சாக்கடை, குடிநீர் போன்ற பெரிய வேலைகளுக்கு மேலே சொன்ன எதுவும் காணாது. சென்னை மாநகராட்சி 2025இல் ₹200 கோடிக்குக் கடன் பத்திரம் (முதலீட்டாளர்களிடம் வட்டிக்குப் பணம் திரட்டும் பத்திரம்) வெளியிட்டது. சிறிய நகராட்சி தனியாகப் பத்திரச் சந்தைக்குப் போனால், கடனைத் திருப்பித் தரும் திறனுக்குத் தரமதிப்பீடு வாங்கும் செலவே தாங்காது. அதற்குத் தமிழ்நாடு 2002இலேயே ஒரு வழி கண்டது: பல சிறு நகரங்களை ஒன்றுசேர்த்து, ₹30.41 கோடிக்கு ஒரே பத்திரம். தவணை தவறினால் அந்த நகரத்துக்கு வரவேண்டிய மாநில நிதிப்பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடுதான் முதலீட்டாளருக்கு நம்பிக்கை தந்தது. நகரத்தின் பக்கம் நின்று பார்த்தால் அதே ஏற்பாடு கத்தி மாதிரி. சாக்கடைக் கட்டணம் வசூலாகாவிட்டால் தெருவிளக்குக்கான பணம் கடனுக்குப் போய்விடும்.

கடன் கேட்கும் முன் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ₹10 கோடி, 8 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் வருடத் தவணை சுமார் ₹1.02 கோடி. பத்தாயிரம் வீடுகள் இணைந்தால் வீட்டுக்கு மாதம் ₹85. பாதி வீடுகள்தான் இணைந்தன என்றால் ₹170. இயக்கச் செலவு இதற்கு மேல்.

ஆலந்தூர் நகராட்சி (இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி) தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இதைச் சரியாகக் கையாண்டது. குழாய் பதிக்கும் முன்பே தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, வீட்டுக்கு ₹5,000 வைப்புத்தொகை வாங்கினார்கள். எத்தனை வீடு பணம் கட்டியது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் மீதிக்குக் கடன் கேட்டார்கள்.