மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன்: கடைசி நிமிடங்களுக்காகவே பார்க்கலாம்

கூடைப்பந்தில் என் கண் முதலில் தேடுவது தடுப்பாட்டத்தை. என்னைப் போன்றவர்களை மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் ஆட்டத்தின் முதல் பாதி சோதிக்கும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் இறுதியாண்டு நட்சத்திரங்கள் 24 பேர், கிழக்கு, மேற்கு என இரண்டு அணிகள். சில நாள் பயிற்சியில் ஒருவருக்கொருவர் துணைநின்று தடுக்கும் பழக்கம் வந்துவிடாது. ஒருவர் பாய்ந்தால் மற்றவர் விலகி வழிவிடுகிறார். எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் கையாலேயே அழுத்தும் டங்க் மேல் டங்க்.

ஆனால் புள்ளிகள் நெருங்கி நேரம் குறையும்போது பாருங்கள்! பெரிய பல்கலைக்கழகங்கள் போட்டிபோட்டு அழைத்த அதே இளைஞர்கள் முழங்காலை மடக்கி, ஒவ்வோர் அடிக்கும் மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்கு அந்த நிமிடங்களே போதும்.

சிறந்த ஆட்டக்காரர் விருதை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். 1981-ல் மைக்கேல் ஜோர்டன் 30 புள்ளிகள் குவித்தும் அது வேறு இருவருக்குப் போனது. 2003-ல் லெப்ரான் ஜேம்ஸுக்குக் கிடைத்தது. ஜோர்டன், லெப்ரான் இருவருமே பின்னாளில் ஜாம்பவான்கள்தான். நான் கவனிப்பது, பந்தை இழந்தவுடன் திரும்பி ஓடுகிறவர் யார் என்பதைத்தான்.

2002 முதல் பெண்களுக்கும் தனி ஆட்டம் உண்டு. அதைத் தவறவிடாதீர்கள், என் ரசனைக்கு அங்கேதான் பந்து அழகாகக் கைமாறுகிறது. 2004-ல் டங்க் போட்டியில் ஆண்களையே வென்றவர் கேண்டஸ் பார்க்கர்!

இருக்கை எடுப்பதானால் மேல்வரிசையில் எடுங்கள். பந்து இல்லாதவர்கள் எங்கே நகர்கிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.