நைட்ரஜன் பெட்டியா, பம்ப் பெட்டியா?

எலிகளைக் குறைந்த ஆக்சிஜனில் வைத்து ஆராய இரண்டு வழிகள். சாதாரண அழுத்தத்திலேயே நைட்ரஜனைக் கலந்து, ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறக்கலாம். அல்லது பம்ப் வைத்துக் காற்றழுத்தத்தையே பாதியாக்கலாம். இரண்டுமே ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்துக்குச் சமம்.

மலைநோய்தான் ஆராய்ச்சி என்றால் பம்ப் பெட்டி சரி. ஆனால் கூண்டைச் சுத்தம் செய்யத் திறக்கும்போதெல்லாம் அழுத்தத்தை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் எலிக்கு நல்ல காற்றுதான், சோதனை தடைபடும்! நைட்ரஜன் பெட்டியில், அதைத் திறக்காமல், அதில் பொருத்திய கையுறை வழியாகவே வேலை முடிந்துவிடும். அதனால் என் ஓட்டு இதற்கே.

ஒன்று மட்டும்: காற்றைச் சுழலவிடும் மூடிய பெட்டியில், எலி விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் தீர்ந்துபோனால் அந்த வாயு ஏறும். அப்புறம் எலி மூச்சு வாங்குவது ஆக்சிஜன் குறைவாலா, கார்பன் டை ஆக்சைடாலா என்றே தெரியாது.