மிதிவண்டிக்கு எது நல்லது: பெயின்ட் கோடா, தடுப்புள்ள தனித்தடமா?

செலவு: கோட்டுக்குப் பெயின்டும் பலகைகளும் போதும், சில நாளில் முடியும். தனித்தடத்துக்குக் கான்கிரீட் விளிம்பும் வடிகால் மாற்றமும் வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும்.

அகலம்: கோட்டுத்தடம் 1.5 மீட்டர். தனித்தடத்தில் விலகி முந்த இடமில்லை. அதனால் 2 மீட்டர், இருவழியென்றால் 3.

பாதுகாப்பு: கோடு எந்தக் காரையும் தடுக்காது. ஓரம் நிறுத்திய காரின் கதவு திறந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் தடத்துக்குள் நீளும். மிதிப்பவர் சட்டென விலகினால் பின்னால் பேருந்து. தனித்தடத்தை நிறுத்திய கார்களுக்கும் நடைபாதைக்கும் நடுவில் வையுங்கள், கதவுக்கென 0.75 மீட்டராவது இடைவெளி விட்டு.

சந்திப்பு: தனித்தடம் சறுக்குவது இங்கேதான். நிறுத்திய கார்கள் மறைப்பதால், திரும்பும் ஓட்டுநருக்கு மிதிவண்டி கடைசி நொடியில்தான் தெரியும். சந்திப்புக்கு 10 மீட்டர் முன்பே வண்டி நிறுத்தத்தை முடித்துவிடுங்கள். மிதிவண்டி குறுக்குத் தெருவைக் கடக்கும் இடத்தை ஒரு கார் நீளம், அதாவது 5 மீட்டர், அந்தத் தெருவுக்குள் தள்ளினால் ஓட்டுநர் திரும்பி முடித்து நேருக்கு நேர் பார்ப்பார். இதைச் செய்யாமல் தடம் போடுவது ஆபத்து.

பராமரிப்பு: கோடு தேயும். தனித்தடத்தில் இலையும் கண்ணாடிச் சில்லும் தங்கும். குறுகிய துப்புரவு வண்டி வேண்டும். இரண்டிலுமே வடிகால் மூடியின் கம்பிகள் குறுக்காக இருக்கட்டும், நீளவாக்கில் இருந்தால் டயர் சிக்கும்.

வேகம் 30 கிலோமீட்டருக்குள் அடங்கும் அமைதியான தெருவுக்குக் கோடே போதும். 50ஐத் தொடும், லாரி ஓடும், குழந்தைகள் பள்ளிக்குப் போகும் சாலைக்குத் தனித்தடம்தான். பணம் தாமதமானால், கோட்டின் மேல் வளையும் பிளாஸ்டிக் கம்பங்களை நட்டு இப்போதே தொடங்கலாம்.