டிராக்கன்ஸ்பெர்க்கா, இசாண்ட்ல்வானாவா, ஜூலுலாந்தா: எங்க ரூம் போடுறது?

தென்னாப்பிரிக்கால குவாஸூலு-நட்டால் மாகாணத்துக்கு போறோம், கையில நாலு நாள் இருக்கு, மலை, அந்த ஊர் ஜூலு மக்களோட கலாச்சாரம், பழைய போர்க்களம் எல்லாத்தையும் பாத்துடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. பாக்கலாம், ஆனா பாதி நேரம் கார்லதான் உக்காந்திருப்பீங்க. மேப்புல எல்லாம் பக்கத்து பக்கத்துல தெரியும், நிஜத்துல ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மணிக்கணக்குல ஓடிடும், அதனால ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் ரூம் போட்டு அதைச் சுத்தி பாக்குறதுதான் சரி. நான் ரெண்டு தடவை போனதை வச்சு சொல்றேன்.

அப்புறம் லாட்ஜ்னதும் நம்ம பஸ் ஸ்டாண்ட் எதிர்ல இருக்குற லாட்ஜை நினைச்சுக்காதீங்க. இங்க லாட்ஜ்னா காட்டுக்கு நடுவுல பத்து பதினஞ்சு ரூம், ராத்திரி சாப்பாடு எல்லாரும் சேர்ந்து, ரேட்டு கேட்டா தலை சுத்தும்.

முதல்ல டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர். குழந்தைங்களோட போறவங்களுக்கு யோசிக்கவே வேணாம், இதான். ராயல் நட்டால் தேசியப் பூங்கா பக்கம் தங்குனா காலைல கதவைத் திறந்ததும் ஆம்ஃபிதியேட்டர்னு சொல்ற அந்த பாறைச் சுவர் மொத்தமா முன்னாடி நிக்கும், மேல இருந்து துகேலா அருவி 948 மீட்டர் படிப்படியா இறங்குது, ஆனா ஜூன் ஜூலைல போனா வெள்ளை நூல் மாதிரி இருக்கும், அதை மட்டும் நம்பி போகாதீங்க. அருவி உச்சிக்கு போகணும்னா அந்தப் பக்கம் ஃப்ரீ ஸ்டேட்ங்குற பக்கத்து மாகாணம் வழியா சுத்தி போகணும், இது தெரியாம நிறைய பேர் ஒரு நாளை வீணாக்குறாங்க. இங்க வாழ்ந்த சான்ங்குற ஆதிகுடி மக்களோட பாறை ஓவியம் வேற இருக்கு.

போர்க்களம்னு பாத்தா இங்கிருந்து கிட்ட இருக்குறது பிரிட்டிஷ்காரங்களும் போயர்களும் (டச்சு வழி வந்த வெள்ளைக் குடியேறிங்க) மோதுன போயர் போர் இடங்கதான், பிரிட்டிஷ்காரங்களும் ஜூலுக்களும் மோதுன ஜூலு போர் இல்ல. லேடிஸ்மித் 118 நாள் முற்றுகைல கிடந்த ஊர், அதுக்கு இந்தப் பக்கம் ஸ்பியோன்கொப் மலை. 1900 ஜனவரி 24 அன்னிக்கு பிரிட்டிஷ்காரங்க மேல ஏறி வெட்டுன பதுங்குகுழியே அவங்களுக்கு சமாதி ஆயிடுச்சு, இன்னும் அந்த நீளத்துக்கு வெள்ளைக் கல்லு அடுக்கி வச்சிருக்காங்க. அந்தப் போர்ல காந்தி சேத்த இந்திய ஆம்புலன்ஸ் படைல 1,100 பேர் போல ஸ்ட்ரெச்சர் தூக்குனாங்க, அதுல பெரும்பாலானவங்க கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிங்க. 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல வந்திறங்குன கூட்டத்துல ஆரம்பிச்ச கதை அது, நம்மாளுங்களும் இருந்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே அந்த மேட்டுல நின்னேன், காத்து அப்படி அடிக்குது.

ரெண்டாவது, டண்டீ, இசாண்ட்ல்வானா, ரோர்க்ஸ் டிரிஃப்ட் பக்கம், ஜூலு போர் நடந்த இடங்க. என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு. முதல் தடவை நாங்க கைடு வைக்காம போனோம். புல்வெளி, தனியா ஒரு மலை, அங்கங்க சுண்ணாம்பு அடிச்ச கல்லுக் குவியல், நடுவுல ஆடு மேயுது. நாப்பது நிமிஷத்துல பாத்து முடிச்சுட்டு இதுக்கா இவ்ளோ தூரம்னு திரும்பிட்டோம். அடுத்த தடவை உள்ளூர் ஜூலு கைடு ஒருத்தர் வந்தார், அறுபது வயசு இருக்கும். எங்களை ஒரு பாறைல உக்கார வச்சுட்டு குச்சியால மண்ணுல மாட்டுத் தலை வரைஞ்சார். நெத்தி நேரா மோதும், ரெண்டு கொம்பும் ரெண்டு பக்கமா சுத்தி வளைக்கும், பின்னால ஒரு படை சும்மா காத்திருக்கும், இதான் ஜூலு வியூகம். அப்படியே குச்சியை நீட்டி எந்தக் கொம்பு எந்த மேட்டுக்குப் பின்னாடி வந்துச்சுன்னு காட்டுனார் பாருங்க, அந்த வெத்துப் புல்வெளி மொத்தமா நிறைஞ்சு போச்சு.

1879 ஜனவரி 22. பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்ட் பிரபு படைல பாதியை கூட்டிக்கிட்டு ஜூலு சேனையை எங்கயோ தேடிப் போயிட்டார், அது இருந்தது இங்க பக்கத்துப் பள்ளத்தாக்குல, ஏறக்குறைய 20,000 பேர். கேம்ப்ல இருந்தவங்கள்ல 1,300 பேருக்கு மேல செத்தாங்க, மத்தியானம் சூரிய கிரகணம் வேற. அந்தக் கல்லுக் குவியல் ஒவ்வொண்ணும் பல பேரைச் சேத்து புதைச்ச இடம்னு அவர் சொன்ன அப்புறம்தான் நான் ஒண்ணு மேல கை வச்சுக்கிட்டு நிக்கிறதையே கவனிச்சேன். ஜூலு வீரங்களுக்கு தனியா நினைவுச்சின்னம் இருக்கு, வீரத்துக்கு குடுக்குற கழுத்து மாலையை வெண்கலத்துல பெருசா செஞ்சு வச்சிருக்காங்க. நூத்திருபது வருஷம் கழிச்சு 1999லதான் வச்சாங்க, அதுவே ஒரு தனிக் கதை.

அதே சாயங்காலம் ரோர்க்ஸ் டிரிஃப்ட்ல பிரிட்டிஷ் தரப்புல 150 பேர் போல மக்காச்சோள மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் அடுக்கி விடிய விடிய தாக்குப் பிடிச்சாங்க, வீரத்துக்கு பிரிட்டன் குடுக்குற பெரிய விருதான விக்டோரியா கிராஸ் 11 கிடைச்சுது. அங்க போனா நெசவும் மண்பாண்டமும் செய்ற கிராஃப்ட் சென்டரையும் பாருங்க.

இங்க தங்குறதுலயும் ரெண்டு வழி. போர்க்களத்தைப் பாத்த மாதிரியே மலைச்சரிவுல லாட்ஜ் இருக்கு, டூர் வண்டியெல்லாம் போன அப்புறம் சாயங்கால வெளிச்சத்துல அந்த மலை உங்களுக்கு மட்டும்தான். காசு இருந்தா தாராளமா போங்க. இல்லாட்டி டண்டீ டவுன்ல சாதாரண வீட்டு ரூம் எடுத்துட்டு மிச்சக் காசுல ஒரு முழு நாளைக்கு நல்ல கைடு பிடிங்க. ரூம்ல சிக்கனம் பண்ணலாம், கைடுல பண்ணக்கூடாது. லாட்ஜ் பேக்கேஜ்ல கைடு சேத்தியா தனியான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஒரு மதியம் மிச்சமிருந்தா பிளட் ரிவர் போங்க. 1838 டிசம்பர் 16ல போயர்களும் ஜூலுக்களும் மோதுன போர். ஆத்துக்கு இந்தக் கரைல போயர்கள் தரப்பு, 64 மாட்டு வண்டி வெண்கலத்துல வட்டமா நிக்குது. அந்தக் கரைல ஜூலு தரப்பு மியூசியம், கட்டிடமே கொம்பு வடிவம், அவங்க வாயில அந்த ஆத்துக்குப் பேரு இன்கோமே. ஒரே சண்டைக்கு ரெண்டு மியூசியம்.

மூணாவது ஜூலுலாந்து, அதாவது எஷோவே, உலுந்தி, ஷ்லுஷ்லுவே பக்கம். கலாச்சாரம்னு டூர்காரங்க விக்கிறது பெரும்பாலும் இங்கதான். ஒரு மணி நேர டான்ஸ், தேன்கூடு மாதிரி புல்லுக் குடிசை, சோளத்துல காய்ச்சுன உம்கோம்போதி பீர் ஒரு வாய், அப்புறம் கடைக்குள்ள விட்டுடுவாங்க. ஆட்டம் நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லல, ஆனா எனக்கு கல்யாண வீடியோ பாத்த மாதிரி இருந்துச்சு. அதுக்கு உலுந்தில செட்ஷ்வாயோ ராஜாவோட ஓண்டினி அரண்மனை வளாகம் எவ்வளவோ மேல், கூட்டமே இல்ல. இசாண்ட்ல்வானால ஜெயிச்ச அதே ராஜா அதே வருஷம் ஜூலை 4ல இங்கதான் எல்லாத்தையும் இழந்தார், அதனால ரெண்டாவது இடத்தைப் பாத்துட்டு இங்க வந்தாதான் கதை முழுசாகும்.

மிருகம் பாக்கணும்னா ஷ்லுஷ்லுவே-இம்ஃபொலோசி, 1895லயே அறிவிச்ச காடு. இன்னைக்கு உலகத்துல இருக்குற தெற்கத்தி வெள்ளை காண்டாமிருகம் எல்லாமே இங்க தப்பிப் பிழைச்ச கூட்டத்தோட வாரிசுதான்.

நாலு நாள்தான்னா ரெண்டு ராத்திரி டண்டீ பக்கம், ரெண்டு ராத்திரி டிராக்கன்ஸ்பெர்க், ஜூலுலாந்தை அடுத்த லீவுக்கு வச்சுக்கோங்க. வெஜ்னா லாட்ஜுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுங்க, இல்லாட்டி மூணு வேளையும் சாலட்தான். இசாண்ட்ல்வானா கிட்ட கடைசி கொஞ்ச தூரம் மண் ரோடு, இருட்டுனா ரோட்டு நடுவுலயே மாடு படுத்திருக்கும், கறுப்பு மாடு வேற, லைட்டுல கிட்ட வர வரைக்கும் தெரியாது. குளிர்காலத்துல அஞ்சு மணிக்கெல்லாம் ரூமுக்கு வந்துடுங்க.