கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தை: துண்டுக்குள் பேசும் விலை

போன வியாழக்கிழமை அப்பாவும் நானும் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குக் கறவை மாடு பிடிக்கப் போனோம். முதல்முறை போகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் புரியாது. விலை எழுதிய அட்டை இருக்காது, ஏலம் கூவ ஆளும் கிடையாது. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவரின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவார். அவர் தலையை ஆட்டுவார் அல்லது கையை உதறுவார். ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

இந்த முறையில் ஒரு நல்லது உண்டு. நாம் கேட்ட விலை அடுத்த வியாபாரிக்குத் தெரியாததால் விற்பவர் யாரிடமும் புதிதாகப் பேச்சைத் தொடங்கலாம். ஆனால் நம் சார்பில் தரகர் உள்ளே என்ன விலை சொன்னார் என்பதும் நமக்குத் தெரியாமல் போகிறது. அதனால் அப்பா தரகரை விலக்கிவிட்டு விற்பவரின் கையை நேரடியாகப் பிடித்தார். வாயால் 58 ஆயிரம் சொன்ன ஜெர்சி கலப்பின மாடு, துண்டுக்குள் நான்கைந்து முறை விரல் பிடித்துப் பேசி 49 ஆயிரத்துக்கு முடிந்தது. இரண்டாம் ஈத்து, அதாவது இரண்டாவது முறை ஈன்றது, கன்றோடு.

விலையைத் தீர்மானிப்பது முதலில் பல்தான். எட்டுப் பல்லும் முளைத்திருந்தால் நாலைந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. அப்புறம் எத்தனையாவது ஈத்து, மடியும் காம்பும் எப்படி, உடம்பில் முடி சுழித்திருக்கும் சுழி சரியா என்று பார்ப்பார்கள். கேரள வியாபாரிகள் அதிகம் வந்த வாரம் விலை ஏறும், மழை பொய்த்துத் தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் நிறையப் பேர் ஓட்டி வருவார்கள், விலை இறங்கிவிடும். அந்த நேரத்தில் விற்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும், பிள்ளை மாதிரி வளர்த்ததைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு போவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் வேறொரு சந்தையில் நாங்கள் நன்றாக ஏமாந்தோம். காலையில் கறக்காமல் பால் கட்டவிட்டு ஓட்டி வந்திருந்தார்கள், மடி புடைத்துக்கொண்டு நின்றது. 10 லிட்டர் என்றார்கள், வீட்டில் 6க்கு மேல் வரவே இல்லை. புடைத்த மடியை நம்பி விலை பேசாதீர்கள். காலையில் எப்போது கறந்தார்கள் என்று கேளுங்கள், அங்கேயே கறக்கச் சொல்லுங்கள், நாலு காம்பிலும் பால் வருகிறதா என்று நீங்களே பீய்ச்சிப் பாருங்கள். கறக்க விடமாட்டேன் என்றால் அந்த மாடு வேண்டாம்.

தரகுக் கூலியையும் வண்டி வாடகையையும் அச்சாரம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். விடியும்போதே போய்விடுங்கள், நல்ல மாடுகள் சீக்கிரம் கைமாறிவிடும். கையோடு ஒரு வாளியும் கொண்டுபோங்கள்.