லேப் பார், தோள் ஹார்னஸ், வெல்க்ரோ: ராட்டினத்தில் எதை நம்பி உட்காரலாம்?

தீம் பார்க் விளம்பரங்களில் உயரம், வேகம், எத்தனை முறை தலைகீழாகப் புரட்டும் என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆளை இருக்கையோடு பிடித்துவைக்கும் அமைப்பு எந்த ரகம் என்று ஒரு வரிகூட இருக்காது. ஆள் தூக்கி வீசப்பட்ட விபத்துகளின் விசாரணைகளோ பெரும்பாலும் அதைச் சுற்றியேதான் போகின்றன. எனவே இந்த மதிப்புரையில் ராட்டினத்துக்கு மார்க் கிடையாது, பிடிப்புகளுக்கு மட்டும்தான்.

லேப் பார், அதாவது தொடைமேல் இறங்கும் தண்டு, ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருந்தால் எங்கள் கணக்கில் அதற்கே முதலிடம். அது பிடிக்கவேண்டிய இடம் வயிறு அல்ல, தொடையும் இடுப்பும் மடிகிற இடம். ரோலர் கோஸ்டர் ரயில் மேட்டின் உச்சியைக் கடந்து சரியும்போது உடம்பு மேலே எழும்பப் பார்க்கும். அப்போது தொடை போய்த் தண்டில் முட்டி நிற்கவேண்டும். தண்டு தொந்தியிலேயே தட்டி நின்றுவிட்டால் சதை அமுங்கும், தொடைக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி விழும், ஆள் நழுவ அந்த இடைவெளி போதும். பருமனானவர்களுக்கு மட்டுமான தொல்லை இல்லை இது. இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரே தண்டு உள்ள பழைய பெட்டிகளில், பெரியவரின் தொடையில் தண்டு நின்றுவிடும். பக்கத்தில் உள்ள குழந்தையின் தொடைக்கு மேல் ஒரு சாண் காலியாகக் கிடக்கும். ஆபரேட்டர் "லாக் ஆயிடுச்சு" என்று சொன்னாலும் அப்படிக் குழந்தையை உட்காரவைக்காதீர்கள்.

2011இல் நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், இரு கால்களையும் இழந்திருந்த ஒருவர் கோஸ்டரில் ஏற்றப்பட்டு, வழியில் வீசப்பட்டு இறந்தார். லேப் பார் பிடிக்கத் தொடையும் கீழ்க்காலும் வேண்டும். இரண்டு கால்களும் இருந்தால்தான் ஏறலாம் என்ற விதி அந்தப் பூங்காவிலேயே இருந்தது. வாசலில் நின்றவர்கள் அதைச் சொல்லி மறுக்கவில்லை. 2013 ஜூலையில் டெக்சாஸ் ஜயண்ட் கோஸ்டரிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தபோது அந்த ரயிலில் லேப் பார் மட்டுமே இருந்தது. மறுபடி திறந்தபோது தண்டின் மெத்தையை மாற்றி, சீட் பெல்ட்டும் சேர்த்திருந்தார்கள்.

தண்டைப் பூட்டும் இயந்திரம் இரண்டு வகை. ரேட்செட்டில் பல்லும் நாக்கும் உண்டு, இறக்கும்போது 'டக் டக்' என்று கேட்கும். இரண்டு பற்களுக்கு நடுவே அது நிற்காது என்பதால் ஒரு பல் அளவு வரை லூஸ் இருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தால் பூட்டும் ஹைட்ராலிக் வகை சத்தமில்லாமல் எந்த இடத்திலும் நிற்கும். நல்ல தயாரிப்பில் ஒரு தண்டுக்கு இரண்டு சிலிண்டர். ஒன்றில் எண்ணெய் கசிந்தாலும் மற்றது தனியாகத் தாங்கும். வால்வு வழக்கமாக மூடியே இருக்கும், திறப்பதற்குத்தான் சக்தி வேண்டும். கரன்ட் போனால் தண்டு திறந்துகொள்ளும் என்ற பயம் வீண். இதன் குறை வேறு: ஓட்டத்தில் நீங்கள் எழும்பி அமரும்போதெல்லாம் தண்டு இன்னும் கொஞ்சம் இறங்கி, முடியும்போது தொடையை நெரித்துக்கொண்டிருக்கும். சங்கடம்தான், ஆபத்து இல்லை.

தலைக்கு மேலிருந்து தோளிலும் நெஞ்சிலும் இறங்கும் தோள் ஹார்னஸ் பார்வைக்கு மல்லன். அதன் தடிமனைப் பார்த்தே பலருக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் பக்கவாட்டில் உலுக்கும் பாதைகளில் காதும் தாடையும் அதில் இடிபடும். இடுப்பு நழுவினால் தோளில் உள்ள மெத்தை மட்டும் ஆளைத் தடுத்துவிடாது. ஹார்னஸின் கீழ்முனைக்கும் இருக்கையின் முன்மேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு என்பதே கேள்வி.

2022 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோ ஃப்ரீ ஃபால் என்ற டிராப் டவரில், அதாவது உயரே ஏற்றி விழவிடும் கோபுரத்தில், நடந்தது இதுதான். 430 அடி உயரக் கோபுரத்திலிருந்து சரிந்து இறங்கும் இருக்கையிலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த இருக்கையின் சென்சார் கைமுறையாக மாற்றிவைக்கப்பட்டிருந்தது. மூன்று அங்குலத்தை ஒட்டி இருக்கவேண்டிய இடைவெளி ஏழு அங்குலம் வரை இருந்தும், இயந்திரம் 'பூட்டியாகிவிட்டது' என்றே எடுத்துக்கொண்டது. தயாரிப்பாளரின் கையேட்டில் 130 கிலோ எடை வரம்பு இருந்தது, சிறுவனின் எடை அதற்கு மேல். சீட் பெல்ட் கிடையாது. பூட்டு உடையவில்லை, கழன்றுகொள்ளவும் இல்லை. பூட்டியாகிவிட்டது என்று காட்டும் பச்சை விளக்குக்கு ஹார்னஸின் கோணம் தெரியும், உள்ளே இருக்கும் உடம்பு தெரியாது. ஒற்றைப் பிடிப்பும் அதை நம்பும் ஒற்றைச் சென்சாருமாக வரும் டிராப் டவருக்கு எங்கள் மார்க் ஐந்துக்கு ஒன்று.

ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டைக்கு மார்க்கே இல்லை. கான்சஸ் சிட்டியில் 168 அடி உயரத்தில் நின்ற வெர்ரூக்ட் நீர்ச்சறுக்கில், மூன்று பேர் அமரும் மிதவையில் ஆளைப் பிடித்தது அந்தப் பட்டைதான். 2016 ஆகஸ்டில் இரண்டாவது மேட்டில் மிதவை காற்றில் எழும்பியது. வெளியே விழாமல் தடுக்கப் போட்டிருந்த வலையைத் தாங்கிய இரும்பு வளையத்தில் மோதி 10 வயதுச் சிறுவன் இறந்தான். மூவரின் மொத்த எடைக்கு 400 முதல் 550 பவுண்டு என்று வரம்பு வைத்தவர்கள், மிதவை எழும்பக்கூடும் என்று அறிந்துதான் வலையையே போட்டார்கள். பிறகு பிடிப்பு மட்டும் ஏன் வெல்க்ரோ? ஈரத்திலும் மணலிலும் தேயத் தேய அதன் ஒட்டு குறையும். இழுத்தால் பிரிவதுதான் அதன் வேலையே.

பிடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன்படாத விபத்துகளும் உண்டு. 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் உள்ள ஸ்மைலர் கோஸ்டரில், காலியாக அனுப்பிய சோதனை ரயில் பாதையில் நின்றுபோனது. கணினி அடுத்த ரயிலைச் சரியாகவே தடுத்து நிறுத்தியது. பாதை காலி என்று நம்பிய பணியாளர்கள் அந்தத் தடையை விலக்கி, 16 பேருடன் அனுப்பினார்கள். மோதலில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தனர். நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். 2017இல் ஓஹையோ கண்காட்சியின் ஃபயர் பால் ராட்டினத்தில் இரும்புக் கை உள்ளுக்குள் துருப்பிடித்து முறிந்தது. இதையெல்லாம் டிக்கெட் வாங்குகிறவர் கண்டுபிடிக்க வழியில்லை.

கண்டுபிடிக்கக்கூடியது உங்கள் இருக்கைதான். தண்டை இறக்குவதற்கு முன் இடுப்பைக் கடைசிவரை பின்னால் தள்ளி முதுகை ஒட்டுங்கள். சரிந்து உட்கார்ந்து இறக்கினால், பின்னால் நகரும்போது இடைவெளி வந்துவிடும். பாக்கெட்டில் உள்ள போனையும் இடுப்புப் பையையும் எடுத்துவிடுங்கள், தண்டு அவற்றின் மேல் நிற்கும். லூஸாக இருந்தால் ஜாலி என்று வயிற்றை உப்பிக்கொள்வது பையன்களின் வழக்கம். பூட்டியபின் மூச்சை விடச் சொல்லி இன்னொரு முறை அழுத்துங்கள். உயரக் கோட்டைத் தாண்டவைக்கத் தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு மாட்டிவிடும் பெற்றோரும் இருக்கிறார்கள். செருப்பு தொடையை நீளமாக்காது. பணியாளர் ஒவ்வொரு தண்டையும் கையால் அழுத்தியும் மேலே இழுத்தும் பார்க்கவேண்டும். நடந்துகொண்டே கண்ணால் பார்ப்பது சோதனை ஆகாது. உங்கள் தண்டு பூட்டுவதற்கு அவர் தன் எடையைப் போட்டு அழுத்தவேண்டியிருந்தால் இறங்கிவிடுவதே நல்லது. நுழைவாயிலில் மாதிரி இருக்கை இருந்தால் வரிசையில் நிற்கும் முன்பே உட்கார்ந்து பாருங்கள்.

கடைசியாக, தண்டிலிருந்து இருக்கைக்கு மாட்டும் சின்ன பெல்ட். பலருக்கு அது ஒப்புக்கு மாட்டிய துணிப்பட்டையாகத் தெரிகிறது. ஆளைத் தாங்குவதைவிட அளப்பதே அதன் முக்கிய வேலை. நீளம் மாறாத பெல்ட் என்றால், தண்டு தேவையான அளவு இறங்காதவரை கொக்கி எட்டவே எட்டாது. சென்சாரைத் திருகி ஏமாற்றலாம், இதை முடியாது. கொக்கி எட்டவில்லை என்று ஆபரேட்டர் இறக்கிவிட்டால் அந்தப் பூங்காவுக்கு ஐந்துக்கு ஐந்து போடலாம். எட்டுவதற்காக நீளமான பெல்ட்டை மாற்றிப்போட்டுத் தருகிற இடமாக இருந்தால், மற்ற ராட்டினங்களிலும் ஏறவேண்டாம்.