எப்பே பிளேடு: நல்லது பயிற்சிக்குத்தான் முதலில் வேண்டும்

ஃபென்சிங் என்ற வாள் விளையாட்டில் ஒரு வகை எப்பே. எங்கள் பக்கம் அதை ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மராஜிங் என்ற எஃகில் செய்த விலை கூடிய பிளேடைத் துணியில் சுற்றிப் போட்டிக்கென்று எடுத்து வைத்துவிடுவார்கள். தினப் பயிற்சிக்குக் கையில் கிடைத்த சாதாரண பிளேடு. ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் பல வருடமாக ஆடி, கூட ஆடும் பிள்ளைகளின் ஆயுதங்களையும் பழுது பார்த்து வருகிறவன் நான். என் அனுபவத்தில் இது தலைகீழான கணக்கு.

போட்டியில் ஒரு நாளைக்கு விழும் குத்துகளைவிட ஒரு வாரப் பயிற்சியில் விழுவது எத்தனையோ மடங்கு. அதுவும் மாஸ்டரிடம் தனிப்பாடம் எடுக்கும்போது, பக்கத்தில் நின்று அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்துகிறோம். பிளேடு அங்கேதான் தேய்கிறது, அங்கேதான் உடைகிறது. எதிரில் நிற்பவருக்கு ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

மராஜிங் என்பது கார்பன் மிகக் குறைவாகவும் நிக்கல் சுமார் 18 சதவீதமும் உள்ள எஃகு. கோபால்ட், மாலிப்டினம், டைட்டானியமும் சேரும். சாதாரண கார்பன் எஃகு பிளேடில் மயிரிழை விரிசல் விழுந்தால் சீக்கிரமே முறிந்துவிடும். மராஜிங்கில் அதே விரிசல் மெதுவாக வளரும். அதனால்தான் அது நீடிக்கிறது. 1982-இல் ரோம் உலகப் போட்டியில், எதிராளியின் உடைந்த பிளேடு முகக்கவசத்தைத் துளைத்து, ஒலிம்பிக் சாம்பியன் விளாடிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அது ஃபாயில் என்ற இன்னொரு வகை வாள் ஆட்டம். ஆனால் அதற்குப் பிறகு பிளேடு, முகக்கவசம், உடை எல்லாவற்றின் தரத்தையும் இந்த விளையாட்டு இறுக்கிக்கொண்டது. மராஜிங் உடைந்தால் மொட்டையாகத்தான் உடையும், குத்தாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். கூராக உடைந்த துண்டுகளை என் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

விலை இரண்டு மூன்று மடங்கு வருகிறது, உண்மைதான். ஆனால் நான் பயன்படுத்தியவரை, ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட மராஜிங் பிளேடு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் பிளேடுக்கு முன்பே, அதன் பள்ளத்தில் ஒட்டிய, குத்து பட்டால் விளக்கை எரியவைக்கும் மின்கம்பிதான் போகும். ஆகவே கம்பி மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். பள்ளம் வெளிப்பக்கம் வரும்படி பிளேடை வில்லாக வளைத்து வைத்து ஒட்ட வேண்டும். நேராக வைத்து ஒட்டினால் குத்தி வளையும்போது கம்பி இழுபட்டு அறுந்துவிடும்.

எந்த பிராண்ட் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஜெர்மனியின் ஆல்ஸ்டார், ஊல்மன், லண்டனின் லியோன் பால் எல்லாமே நல்ல பெயர் உள்ளவை. ஆனால் ஒரே பெயரில், ஒன்றாக வந்த இரண்டு பிளேடுகளே வேறு மாதிரி வளைவதைப் பார்த்தபின், பெயரைவிடக் கையில் இருக்கும் அந்த ஒரு பிளேடைத்தான் நான் பார்க்கிறேன். விதி எளிது. முனையிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் இறுக்கிப் பிடித்து, முனைக்கு 3 செ.மீ. உள்ளே 200 கிராம் தொங்கவிட்டால், முனை 4.5 முதல் 7 செ.மீ. வரை இறங்க வேண்டும். நம் ஊரில் வைஸ் இல்லாத பட்டறை ஏது? பத்து நிமிட வேலை. 4.5-க்கு ஒட்டி வருவது விறைப்பு. நேராக நீட்டிக் குத்துபவருக்குப் பொருந்தும். 7-க்குப் பக்கம் வருவது இளக்கம். மணிக்கட்டைச் சுண்டி ஆடுபவருக்கு அது. இரண்டு ஆயுதம் வைத்திருந்தால் இரண்டும் ஒரே அளவு வளைய வேண்டும். ஆட்டத்தின் நடுவில் ஆயுதம் மாற்றினால் கைக்கு வித்தியாசம் தெரியக் கூடாது.

அப்புறம் சுவரில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். வளைவு முனைப்பக்கத்திலிருந்து சீராக எழும்ப வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடங்கினால் அந்த பிளேடு வேண்டாம். வடநாட்டுக் கடை ஒன்றிலிருந்து எனக்கு அப்படி ஒன்று வந்தது. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பார்சலைப் பிரிப்பதை மொபைலில் படம் எடுத்து வைப்பது அதிலிருந்து வந்த பழக்கம்.

பிடிக்குள் போகும் வால்பகுதியையும் கவனிக்க வேண்டும். கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும் பிஸ்டல் பிடிக்கு அதை வெட்டி அராவுவோம். கோயம்புத்தூர் கணபதியில் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்ததும் சொன்னார்: “ஏனுங் தம்பி, மூலையை இப்படி வெடுக்குனு உட்டா அங்கிருந்துதானுங் வெடிக்கும். கொஞ்சம் உருட்டி உடுங்க.” நூற்றுக்கு நூறு சரி. கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கிறது. பிளேடின் உடம்பில் எதிராளியின் கார்டு, அதாவது கையை மறைக்கும் கிண்ணம், பட்டு விழும் பிசிறுக்கும் இதே நியாயம்தான். வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, பிசிறைப் பிளேடின் நீளவாக்கில் அராவி மழுக்கிவிடுங்கள். குறுக்கே அராவினால் புதிதாக ஒரு கீறல்தான் மிஞ்சும்.

குத்தி வளைந்த பிளேடை ஷூவின் அடியில் வைத்து இழுத்துச் சீராக நிமிர்த்தலாம். ‘எஸ்’ மாதிரி இரண்டு பக்கமும் நெளிந்ததை மட்டும் திரும்பத் திரும்ப நிமிர்த்தி ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் வளைபட்ட இடம் களைத்த இடம். நான் அதை ஒதுக்கிவிடுகிறேன்.

மராஜிங்கும் துருப்பிடிக்கும். வியர்வை நனைந்த உடையோடு பையில் போட்டு மூடினால் ஒரே இரவில் புள்ளி விழும். திருப்பூர்க்காரர்கள் வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இல்லாமல் இருக்காது. துடைத்துவிட்டு அதில் ஒரு துளி பூசினால் போதும். குத்து பட்டதும் அழுந்தும் பொத்தான் உள்ள முனைக்குள் மட்டும் எண்ணெய் இறங்கக் கூடாது. இறங்கினால் விளக்கு எரிவதில் தகராறு வரும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. வளரும் பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிய சட்டை எடுக்கிற மாதிரி, சின்னப் பிள்ளைக்கு 90 செ.மீ. நீளமுள்ள 5-ஆம் எண் பிளேடு வாங்காதீர்கள். 2-ஆம் எண் போதும். நீளமான பிளேடின் முனையைச் சின்ன மணிக்கட்டால் தூக்கிப் பிடிக்க முடியாது. அது தொங்கிப் போய் எதிராளியின் கார்டு விளிம்பிலேயே அடித்துக்கொண்டிருக்கும். பிசிறு பிசிறாகி, பிள்ளைக்குக் கை கூடும் வயதில் அந்த பிளேடு தூக்கிப் போடும் நிலையில்தான் இருக்கும்.